கடுகின் ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையாலும், மழை ஒருவழியாக விட்டதாலும் இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்காகவும், குறிப்பாகச் சம்பந்தியம்மாவின் இடது முழங்காலுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் இந்த மாதமும் ஞாயிறு வேலைதான். உங்கள் மருமகளை மருத்துவமனையில் நாலாவது மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். பேத்தி, அதுதான் நம் செல்லக் கடுகு, உயரத்தில் இரண்டு விரற்கடையும் வாயில் இரண்டு முழமும் வளர்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரிக்கு வழக்கம்போல் என்னைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் எழுதிய கடிதம் அல்லவா, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்திருந்தீர்கள். படித்து முடித்தபோது நான் என்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நீங்களே நேரில் வந்து, கடுகைச் சபையின் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கி, அதே ஒன்பது மணிக்கு நடக்கும் மனக்கணக்கு வகுப்பில் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் மூன்று. ஒன்று, பாட்டு வகுப்பில் ஒழுங்கு கிடையாது. இரண்டு, பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். மூன்று, எட்டு வயதுத் தலையில் இடம் கொஞ்சம், அதில் பாட்டை அடைத்தால் வாய்ப்பாடு எங்கே போய் உட்காரும்.

சம்பந்தி அவர்களே, பெண்ணைப் பெற்றவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வீட்டுக்காரியும் சொன்னாள். "சரிங்கன்னு ஒரு வரி எழுதிட்டு வேலையப் பாருங்க. அவர் எண் போட்டு எழுதுற மனுஷன், அவர்கிட்ட உங்க வாதம் எடுபடாது" என்றாள். நானும் பேனாவை எடுத்து 'சரிங்க' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது கடுகு பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, கண்ணாடித் தாத்தா சொன்னா சொன்னதுதானா? மாத்தவே மாட்டாரா?" என்று கேட்டாள். (கண்ணாடித் தாத்தா என்பது தாங்கள்தான். நான் போலீஸ் தாத்தா. பட்டம் வைத்தது அவள், நாங்கள் பொறுப்பல்ல.) கேட்டுவிட்டு அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே நாற்சந்தியில் நின்று, மந்திரி வண்டியானாலும் மாட்டு வண்டியானாலும் நில் என்றால் நிற்க வைத்தவன் நான். ஆகவே உங்கள் மூன்று எண்ணுக்கும் மூன்று பதிலை, எண் போடாமல், என் வழியில் எழுதுகிறேன். படித்து முடித்தபின் நீங்களே பேருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

முதலில் ஒழுங்கு. உங்களுக்குத் தெரியாத ஒரு சேதி, அந்த வகுப்பை இப்போது நடத்துவதே அடியேன்தான். பாட்டு டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர், "மூணு மாசம் பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க யாராவது முன்வரணும்" என்று கேட்டார். அதே விநாடியில், ஒரு தாய் பைபிளைப் பையில் வைக்கத் திரும்பிய சமயம் பார்த்து, அவள் குழந்தை உட்கார்ந்திருந்த தள்ளுவண்டி நடுவழியில் தானாக உருள ஆரம்பித்தது. நான் பழக்கதோஷத்தில் எழுந்து, வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை முன்னால் காட்டினேன். வண்டி நின்றது. (தாய் பாய்ந்து பிடித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள்.) போதகர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்! நம்ம டிராஃபிக் அண்ணன் முன்வந்திருக்கார், எல்லாரும் கை தட்டுவோம்" என்றார். வண்டி முழுதாக நிற்கிறவரை கையை இறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதனால் கை மேலேயே இருந்தது. அதைப் பார்த்து, "அண்ணனுக்கு எவ்வளவு வாஞ்சை பாருங்க" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சம்பந்தி கையை இறக்குவது? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வீட்டுக்காரி, "நீங்க பாடினா பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேற தெருவுக்குப் போகுது. நீங்க பாட்டு வாத்தியாரா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

சபைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளும் பழைய ஒலிபெருக்கியும் போட்டு வைத்த நீள அறைதான் வகுப்பு. பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், ஐந்து வயது முதல் பத்து வயது வரை. முதல் ஞாயிறு பத்தொன்பது பேர் பத்தொன்பது திசையில் ஓடினார்கள், மூன்று பேர் மேசைக்கு அடியில் இருந்தார்கள். அன்று மட்டும் நீங்கள் ஆய்வுக்கு வந்திருந்தால் முதல் எண்ணில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். ஆனால் இரண்டாம் ஞாயிறு நான் சுண்ணக்கட்டியோடு போனேன். தரையில் நிறுத்தக் கோடு போட்டேன், பாதை பிரித்தேன், கதவோரம் பாதசாரிகள் கடக்கும் கோடும் வரைந்தேன். பிறகு குரல்களைப் பிரித்தேன். தடித்த குரல்கள் கனரக வாகனம், பின்வரிசை. நடுக் குரல்கள் கார், நடுவரிசை. கீச்சுக் குரல்கள் இருசக்கர வாகனம், முன்வரிசை. ஒருவர் பாடுகிற வரியை இன்னொருவர் முந்திப் பாடினால் குற்றம், ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிஷம் கழித்துத்தான் விடுவேன். மூன்றாம் வாரம் இருபத்திரண்டு பேரும் ஒரே வேகத்தில் புறப்பட்டு ஒரே கோட்டில் வந்து நின்றார்கள். கடுகு இருசக்கர வாகனம். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் நுழைந்துவிடுவாள், இரண்டு முறை பிடித்து எச்சரித்திருக்கிறேன். பேத்தி என்பதற்காகச் சலுகை கிடையாது.

பிரச்சினை ஆக்‌ஷனில்தான் வந்தது. சிறுபிள்ளைப் பாட்டு என்றால் கையால் செய்து காட்டிப் பாட வேண்டுமாம். "டீச்சர் ஆட்டுக்குட்டிக்குக் காது வச்சுக் காட்டுவாங்க, நீங்க காட்டுங்க" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சைகைகள் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் அரசாங்கம் சொல்லிக்கொடுத்தவை. அவற்றை வைத்தே ஒப்பேற்றினேன். காணாமல்போன ஆட்டை மேய்ப்பன் கூப்பிடுகிற இடத்தில், இடது பக்கத்து வண்டிகளை 'வா' என்று அழைக்கும் சைகை. ஆடு வருகிற இடத்தில், வலது பக்கத்து வண்டிகளை அழைக்கும் சைகை. ஓநாய் வருகிற இடத்தில் இரண்டு கையையும் விரித்து, 'எல்லாத் திசையும் நில்'. பிள்ளைகள் மணிக்கட்டு மடங்காமல், முழங்கை தொங்காமல், பயிற்சி முடித்த காவலர்கள் மாதிரி செய்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அரங்கேற்றம் திருவிருந்து ஞாயிறு அன்று வைத்தார் போதகர். எங்கள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு, ஒழுங்கு பார்க்கும் சகோதரர்கள் எந்தப் பக்கம் பார்த்துக் கையசைக்கிறார்களோ அந்தப் பக்கம் எழுந்து முன்னால் போக வேண்டும். நாற்பது வருஷ வழக்கம். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகள் முன்னால் நின்று முதல் சரணத்தில் இருபத்திரண்டு கைகளால் இடது பக்கத்தை 'வா' என்றார்கள். இடது பக்கம் முழுவதும் எழுந்து வந்தது. அடுத்த வரியில் வலது பக்கத்தை அழைத்தார்கள். அவர்களும் எழுந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் நடுவழியில் கலந்து, நூற்றறுபது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கையில் ஓநாய் வந்துவிட்டது. 'எல்லாத் திசையும் நில்'. சபை அப்படியே நின்றது. அப்பத் தட்டோடு போதகர் நடுவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் என்னைப் பார்த்தார். நான் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்தேன். ஆராதனைக்கு வருகிறவனுக்கு விசில் எதற்கு என்று கேட்காதீர்கள், நீங்கள் பாக்கெட்டில் சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு அலைவதில்லையா? ஒரே ஊதல். இடது பக்கம் சுவரோரமாகப் போக்கு, வலது பக்கம் நடுவழியாக வரத்து, யூ திருப்பம் கிடையாது. பிள்ளைகள் பாட்டை நிறுத்தாமல் சைகையை மாற்றிக் காட்டினார்கள். வழக்கமாக முப்பத்தைந்து நிமிஷம் எடுக்கும் திருவிருந்து அன்று பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. போதகர் பிறகு என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, பிள்ளைங்க அருமையாப் பாடினாங்க. அடுத்த தடவ மட்டும் கையக் கட்டிட்டுப் பாடச் சொல்லுங்க" என்றார். இதைவிடப் பாராட்டு என்ன வேண்டும்? ஒழுங்கு இல்லை என்று இனி யாராவது சொல்ல முடியுமா?

இரண்டாவது, பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்பது. சம்பந்தி, தெரியாமல் ஒப்பித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். போன மாதம் நாங்கள் ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் அலுவலகத்தில் நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டிய நாள். கடுகுக்குப் பள்ளி விடுமுறை, கூட வந்தாள். நான் காலை ஆறரை மணிக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, முதல் டோக்கன் வாங்கிவிட்டேன். பெருமையோடு உட்கார்ந்திருக்கிறேன், அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்க கடைசி யாரு?" என்றாள். நாற்பத்தோராம் டோக்கனோடு கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் கதவோரம் நின்றார். காட்டினேன். காட்டியதுதான் நான் செய்த தவறு. நேரே போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து சன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். குமாஸ்தா, "பாப்பா, டோக்கன் வரிசைப்படிதான் வரணும்" என்றார். "இல்ல அங்கிள், கடைசில நிக்கிறவங்களுக்குத்தான் முதல் இடம். பாட்டுலயே இருக்கு" என்று சொல்லி, முழுப் பாட்டையும், ஒன்பது சைகையோடும் பாடிக் காட்டினாள். பாதி ஓய்வூதியக்காரர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள், மீதிப் பேர் தாளம் போட்டார்கள். குமாஸ்தா மனிதர், எத்தனை நேரம்தான் தாங்குவார்? அந்தப் பெரியவருக்கு முத்திரை குத்தி அனுப்பினார். அத்தோடு விட்டாளா? அடுத்து நாற்பது, பிறகு முப்பத்தொன்பது என்று கடைசியிலிருந்து ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். என் முறை வந்தபோது சன்னலைச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை அன்று மத்தியானம் இரண்டரை மணிக்குத்தான் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அந்தப் பெரியவர் மட்டும் போகும்போது அவள் தலையில் கை வைத்து, "நான் இதுவரைக்கும் எந்த வரிசையிலயும் முதல் ஆளா நின்னதில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பசியில் கண் இருட்டியது, ஆனாலும் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டபோது பசி தெரியவில்லை. கிளிப்பிள்ளை இதையெல்லாம் செய்யுமா?

மூன்றாவது, வாய்ப்பாடு. இதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், கடுகுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், நேராகத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். வகுப்பில் கற்ற துதிப்பாட்டு ஒன்றின் ராகத்தில் அவளே அதைப் பொருத்திக்கொண்டாள். பதினாறு என்ற சொல் அந்த ராகத்தில் எவ்வளவு பாந்தமாக உட்காருகிறது என்பதை நேரில் கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு அல்லேலூயா. அதிலுள்ள ஒரே சங்கடம், பதினாறு ஏழு எவ்வளவு என்று கேட்டால் அவளால் சட்டென்று சொல்ல முடியாது. பதினாறு ஒன்றிலிருந்து பாடி வர வேண்டும், நடுவில் ஏறினால் ராகம் தப்பிவிடும். பள்ளிக்கூட டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார், தேர்வில் விடைகள் எல்லாம் சரி, ஆனால் பக்கத்து வரிசைகளில் உள்ள பிள்ளைகளும் இப்போது பதினாறு பத்துக்குப் பிறகு அல்லேலூயா சொல்கிறார்கள், இது எப்படி ஆரம்பித்தது என்று விசாரிக்கவும் என்று. நான் பதில் எழுதவில்லை. நல்லது பரவும்போது குறுக்கே நிற்கக் கூடாது. பாட்டும் வாய்ப்பாடும் ஒரே தலையில் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் வாதத்துக்கு மகுடம் வைக்காமல் முடிக்க எனக்கு மனமில்லை. போன வியாழக்கிழமை உங்கள் மருமகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க, கடுகும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். நாலாவது மாடி என்பதால் லிஃப்ட். உள்ளே எங்களோடு, அழுக்குத் துணி வண்டி தள்ளுகிற ஊழியர் ஒருவர். இன்னொரு பெரிய மனிதரும் இருந்தார். உயரமானவர், மீசை வைத்தவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், எந்த இலாகா என்பது இங்கே அவசியமில்லை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் உலுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. விளக்கு அணைந்து, மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. துணி வண்டிக்காரர் நிதானமானவர், மணியை அழுத்தினார், வெளியே யாரோ, "மெக்கானிக் வந்துட்டு இருக்கார், யாரும் கதவத் தொடாதீங்க" என்று கத்தினார்கள். அந்தப் பெரிய மனிதர்தான், வாழ்நாள் முழுவதும் வெட்டவெளியில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது, மூடிய இடம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கதவைப் பார்த்துக் கையை நீட்டி 'நில்' என்று காட்டினார். லிஃப்ட் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினார், சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. துணி வண்டிக்காரர், "ஐயா, மூச்ச மெதுவா விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தார். ஐயா கேட்கிற நிலையில் இல்லை.

அப்போது கடுகு சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பாடினாள். புயலில் மாட்டிக்கொண்ட படகைப் பற்றிய பாட்டு, ஆண்டவர் படகின் பின்பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறாரே, அந்தக் கதை. ஆக்‌ஷன் இல்லை, அல்லேலூயா இல்லை. தட்டிக்கொடுத்தபடியே, நிறுத்தி நிதானமாகப் பாடினாள். நான் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை, பழைய டீச்சர் சொல்லிக்கொடுத்ததாக இருக்க வேண்டும். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. நாற்பது நிமிஷம், சம்பந்தி. எத்தனை முறை பாடினாள் என்று யார் எண்ணியது? கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதருக்கு மூச்சு சீரானது. கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது அவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்து, மீசையைத் தடவிக்கொண்டு, தன் காலாலேயே நடந்து வெளியே போனார். நான் அங்கே பொறுப்பான முறையில் நிலைமையைக் கண்காணித்தேன் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு டாக்டர் மாத்திரையில்லாமல் செய்ய முடியாததை, எட்டு வயதுப் பிள்ளை எங்கள் வகுப்பில் கற்ற பாட்டால் செய்தாள். எந்த மனக்கணக்கு வந்து அந்த மனிதரை எழுப்பி நிற்க வைத்திருக்கும்? அவர் காதில் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லியிருந்தால் அங்கேயே கணக்கு முடிந்திருக்கும்.

ஆகவே, சம்பந்தி அவர்களே, முடிவாகச் சொல்கிறேன். சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வீண் வேலையல்ல. இன்றைக்குக் குறும்பாகவும் குளறுபடியாகவும் தெரிகிறதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வேண்டிய நேரத்தில் அது தானாக எழுந்து வருகிறது. அந்த வகுப்பு சொல்லிக்கொடுத்தது, அவள் கற்றுக்கொண்டாள், பலன் கைமேல் கிடைத்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள், உங்கள் வீடு இது. ஆனால் மனக்கணக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வாருங்கள். எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள், நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு வலியில்லாத முழங்காலையும், உங்களுக்கு மாற்றுக் கருத்தைத் தாங்கும் மனதையும், உங்கள் குடும்பம் முழுவதற்கும் குறைவில்லாத சமாதானத்தையும் ஆண்டவர் அருள்வாராக. வீட்டுக்காரி உங்கள் இருவரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் அவளுக்குப் பங்கில்லை என்பதையும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவனும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுப்படாதவனுமாகிய
போலீஸ் தாத்தா

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள் கடுகு இதை எடுத்துப் படித்துவிட்டாள். ஆய்வாளர் பேத்தி அல்லவா, பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள். லிஃப்ட் வந்த இடத்தில் நிறுத்தி, "தாத்தா, இந்தப் பெரிய மனிதர் நீங்கதானே? ஏன் வேற யாரோ மாதிரி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் பேனா மூடியைத் தேடினேன். "நீங்க அழுதீங்கன்னும் எழுதல" என்றாள். சரி, எழுதிவிடுகிறேன். நான்தான். அழுதேன். துணி வண்டிக்காரர்தான் கண்காணித்தார்.

அது போகட்டும் என்று உறையை எடுத்தேன். அவள் விடவில்லை. "இன்னொன்னும் தப்பு. அந்தப் பாட்டு வகுப்புல சொல்லிக்கொடுத்தது இல்ல. டீச்சருக்கே அது தெரியாது. அது கண்ணாடித் தாத்தா பாட்டு" என்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். உங்கள் மருமகள் படிப்பை முடிக்கப் போயிருந்தபோது, மூன்று வயதில், மூன்று மாதம் உங்களிடம் இருந்தாளே, அப்போது மத்தியானத்தில் தூங்க மாட்டேன், அம்மா வேண்டும் என்று அழுவாளாம். நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்குக்கூடக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தபடி அதைப் பாடுவீர்களாம். தட்டிக்கொடுப்பதும் நீங்கள் தட்டுகிற மாதிரியேதானாம். "அவர் பாடினா பயம் போயிடும் தாத்தா. அதான் உங்களுக்கும் பாடினேன்" என்கிறாள். அப்படியென்றால் மேலே நான் நாலு பக்கத்துக்கு எழுதிய வாதம் என்ன ஆகிறது? எங்கள் வகுப்பின் பலன் என்று நான் மகுடம் வைத்தது உங்கள் தலையில். நான் யாருக்குப் பாட்டின் அருமையை விளக்கிக்கொண்டிருக்கிறேன்? வெட்கமாக இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை நீங்கள் எங்கே கூட்டிப்போனாலும் நான் குறுக்கே கை நீட்ட மாட்டேன். ஒரே ஒரு விண்ணப்பம். முதல் சரணத்தில் காற்று அடிக்கிறது. இரண்டாவதில் படகுக்குள் தண்ணீர் வருகிறது. மூன்றாவது அவளுக்குத் தெரியாது. நீங்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் தினமும் தூங்கிவிடுவாளாம். அதனால் அந்த நாற்பது நிமிஷமும் எங்கள் படகில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை. ஆண்டவர் எழுந்து காற்றை அதட்டுகிறாரே, அந்தச் சரணத்தை வந்து பாடிக்கொடுங்கள். ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் போதும். கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவீர்கள் என்றால் சாத்திக்கொள்ளுங்கள். என்னையும் உள்ளே விட்டுச் சாத்துங்கள்.